சாவியை வாங்கிக்கொண்ட பத்து நாள்

2022 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 9.40 இருக்கும். நான் மேலாளராக இருந்த வங்கிக் கிளையின் இரும்புக் கதவை இன்னும் முழுதாக மேலே தள்ளவில்லை. வாசலில் தோள்பையோடு ஓர் இளம்பெண் நின்றுகொண்டிருந்தார். நகைக்கடனுக்கு வந்தவர் என்று நினைத்து, "பத்து மணிக்குத்தான் அம்மா" என்றேன். அவர் எங்கள் வங்கியின் அடையாள அட்டையைக் காட்டி, கூடவே ஓர் உறையையும் நீட்டினார்.

உள்ளே இருந்தது நாலு வரிக் கடிதம். அன்று முதல் பத்து வேலை நாட்களுக்கு எனக்குக் கட்டாய விடுப்பு. கிளைப் பொறுப்பைக் கடிதம் கொண்டுவந்த அதிகாரியிடம் உடனே ஒப்படைக்க வேண்டும். விடுப்பு முடியும்வரை கிளைப் பக்கம் வரக் கூடாது.

முப்பத்துநான்கு வருட சர்வீஸ். பெட்டிச்சாவியை அந்தப் பெண் கேட்டபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. அவருக்கும் தர்மசங்கடம்தான். "சார், எனக்கே நேற்று ராத்திரிதான் சொன்னார்கள்" என்றார். இருப்புப் பணத்தை எண்ணினோம், நகைப் பொட்டலங்களைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தோம், சாவிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டோம். பதினொன்றரை மணிக்கு என் கணினி என்னை உள்ளே விட மறுத்தது. பன்னிரண்டு மணிக்கு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே கையில் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றேன்.

அந்தச் சாவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று காசாளரிடம், ஒன்று அதிகாரியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். சின்னக் கிளைகளில் அந்த அதிகாரி மேலாளர்தான். பையில் வைத்தால் விழுந்துவிடும் என்று பயந்து நான் அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டியிருந்தேன். அன்று மாலை குளிக்கும்போது பார்த்தேன். வலப்பக்க இடுப்பில், சாவி அழுத்திக்கொண்டிருந்த இடத்தில், சுண்டுவிரல் நீளத்துக்குத் தோல் கறுத்துக் காய்த்துப்போயிருந்தது. எத்தனை வருடமாக அது அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த விடுப்பு ஏன் என்று வங்கிக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. முக்கியமான பொறுப்புகளில் இருப்பவர்களை, வருடத்துக்கு ஒரு முறை, ஒரே மூச்சில் பத்து வேலை நாட்களுக்குக் குறையாமல், முன்கூட்டிச் சொல்லாமல் விடுப்பில் அனுப்ப வேண்டும். யார் யார் என்பதை ஒவ்வொரு வங்கியின் இயக்குநர் குழுவும் முடிவு செய்துகொள்ளலாம். எங்கள் வங்கியின் பட்டியலில் கிளை மேலாளரும் இருந்தார்.

காரணம் நம் நலன் அல்ல. மோசடி செய்கிறவன் விடுப்பு எடுக்க மாட்டான் என்பது வங்கித் துறையின் பழைய பாடம். பொய்க் கணக்கு என்பது பால் மாடு மாதிரி. ஒரு நாள் விட்டாலும் கத்தி ஊரைக் கூட்டிவிடும். தினமும் பக்கத்தில் நின்று பராமரிக்க வேண்டும். பிரான்சில் 2008இல் சொசியேத்தே ஜெனரால் வங்கி ஒரே ஒரு வர்த்தகரின் மறைமுக ஆட்டத்தால் 490 கோடி யூரோவை இழந்ததாக அறிவித்தபோது, அவர் ஏறக்குறைய விடுப்பே எடுக்காமல் வேலை பார்த்தவர் என்பதைத்தான் பிறகு எல்லோரும் சுட்டிக்காட்டினார்கள். ஆளை விலக்கி வைத்தால் குட்டு உடையும். அவ்வளவுதான் இந்த விதியின் நோக்கம்.

ஆனால் அதில் ஒரு வாசகம் உண்டு. விடுப்பில் இருக்கும் ஊழியருக்கு, எல்லோருக்கும் பொதுவான அலுவலக மின்னஞ்சலைத் தவிர, வேலை தொடர்பான எதுவும் எட்டக் கூடாது. நேரிலும் கூடாது, கணினி வழியாகவும் கூடாது. என் நன்மைக்காக எழுதப்பட்ட எந்த விதியும் எனக்கு வாங்கித் தராத ஒன்றை, என்னைத் திருடனாக இருக்கலாம் என்று சந்தேகித்து எழுதப்பட்ட விதி வாங்கித் தந்தது. பத்து நாள் யாராலும் என்னைக் கூப்பிட முடியாது.

விடுப்பு என்னிடம் இல்லாமல் இல்லை. ஓய்வுபெறும்போது 240 நாளுக்குக் காசாகும் என்பதால் சேர்த்து வைத்து, அதற்கு மேல் வழிந்துகொண்டிருந்தது. மகள் கல்யாணத்துக்கு எட்டு நாள் எடுத்தேன். தாலி கட்டி அரை மணி நேரத்தில் மண்டபத்தின் பின்கட்டில் நின்றுகொண்டு ஒரு கடன் கோப்புக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் விடுப்பு இல்லை. வேறு இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை.

வீட்டுக்குப் போனதும் மனைவி என் முகத்தைப் பார்த்தார், டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். "உண்மையைச் சொல்லுங்கள். சஸ்பெண்ட் செய்துவிட்டார்களா?" கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். மறுநாள் காலை பக்கத்து வீட்டுத் தமிழாசிரியர் மதில் வழியாக எட்டி, "என்ன சார், உடம்புக்கு ஏதாவதா?" என்றார். "லேசான காய்ச்சல்" என்றேன். காய்ச்சல் என்றால் மரியாதை உண்டு. சும்மா வீட்டில் இருக்கிறேன் என்றால் இல்லை. யோசித்துப் பாருங்கள், ஓய்வை மறைக்க ஒரு நோயைப் பொய்யாகச் சொன்னேன். நோயை மறைக்க என்னென்ன பொய் சொல்கிறார்கள் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் மூன்று நாள் நரகம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து இடுப்பைத் தடவிப் பார்ப்பேன். சாவி இல்லை என்றதும் நெஞ்சு ஒரு முறை தூக்கிப் போடும். கைபேசியைத் திறந்தால் வட்டார அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். நாலாவது நாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்தேன். விழித்தபோது ஜன்னலில் வெயில். மணி ஏழு. வாசலில் கீரைக்காரம்மாவின் குரல் கேட்டது. எத்தனையோ வருடமாக எங்கள் தெருவில் கீரை விற்கிறாராம். எனக்கு அன்றுதான் அவர் குரல் தெரியும்.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய காசாளரைப் பார்க்கப் போனேன். ஆறு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த பயணம். பஸ்ஸில் இருபது நிமிடம்.

500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த 2016 நவம்பர் 8 இரவு உங்களுக்கும் நினைவிருக்கும். எங்களுக்கு அது வேறுவிதமாக நினைவிருக்கிறது. காவிரிக்கரைச் சின்ன ஊரில் எங்கள் கிளை. நவம்பர் 10 காலை ஷட்டரைத் தூக்கியபோது வரிசை பிள்ளையார் கோவிலைத் தாண்டிப் போயிருந்தது. 12, 13 தேதிகளில், சனி ஞாயிறிலும், வங்கி திறந்திருந்தது. மாற்றித் தரும் வரம்பு முதலில் 4,000 ரூபாய், பிறகு 4,500, பிறகு திடீரென்று 2,000. ஒவ்வொரு முறை மாறும்போதும் ஜனங்கள் எங்களைத்தான் திட்டினார்கள். விரலில் மை வைக்கச் சொன்னார்கள், வைத்தோம். நோட்டு எண்ணும் எந்திரம் சூடேறி நின்றுவிட, கையால் எண்ணினோம்.

எங்கள் கிளையில் பணம் வாங்கிக் கொடுக்கும் ஜன்னல் ஒன்றுதான். அதன் பின்னால் இருந்தவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அதிகம் பேச மாட்டார். நோட்டுக் கட்டைக் காதருகே வைத்து விசிறினாலே தொண்ணூற்றொன்பதா நூறா என்று சொல்லிவிடுவார் என்று கிளையில் வேடிக்கையாகச் சொல்வோம். நவம்பர் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ராத்திரி கணக்கை முடிக்கும்போது 14,000 ரூபாய் குறைந்தது. ஏழு இரண்டாயிரம் ரூபாய் நோட்டு. புது நோட்டு, மொரமொரப்பு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எங்கோ ஒன்றுக்கு இரண்டாகப் போயிருக்கிறது. பத்தரை மணிவரை தேடினோம். மேஜை இழுப்பறைகளைக் கவிழ்த்தோம், குப்பைத் தொட்டியைக் கொட்டினோம்.

குறைந்தால் காசாளர் கட்ட வேண்டும். அதற்காகத்தான் அவருக்குச் சிறப்பு ஊதியம் என்று ஒரு சின்னத் தொகை சம்பளத்தில் சேர்ந்து வருகிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாளில் கட்டிவிட்டார். மனைவியின் வளையலை அடகு வைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. நகைக்கடன் கொடுக்கும் கிளையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், எங்களுக்குத் தெரியக் கூடாது என்று கூட்டுறவு வங்கியில் போய் அடகு வைத்திருந்தார். நான் ரசீதில் கையெழுத்துப் போட்டேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வெளியே இருநூறு பேர் நின்றார்கள்.

டிசம்பர் முடிந்து கூட்டம் ஓய்ந்தது. அவர் ஓயவில்லை. ஒரு கட்டை மூன்று முறை எண்ணினார். பிறகு ஐந்து முறை. ஜன்னலில் ஒரு கிழவி முதியோர் உதவித்தொகை 1,000 ரூபாய்க்கு நின்றால், பத்து நூறு ரூபாய் நோட்டை எண்ணி, கொடுக்கக் கையை நீட்டி, மறுபடி இழுத்துக்கொண்டு எண்ணுவார். வரிசை முணுமுணுத்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் புகார் எழுதினார். துப்புரவு வேலைக்கு வரும் அக்கா ஒரு நாள் என் மேஜைக்குப் பக்கத்தில் துடைத்துக்கொண்டே, "கேஷியர் சார் சாப்பாட்டு டப்பா மூன்று வாரமாக அப்படியே திரும்பிப் போகிறது சார். மூடியைக்கூடத் திறப்பதில்லை" என்றார். "வீட்டில் ஏதாவது மனத்தாங்கலாக இருக்கும்" என்றேன். எங்கள் யார் பார்வையிலும் படாதது பகுதி நேரத்துக்கு வந்துபோன அந்த அம்மாவின் பார்வையில் பட்டது. எனக்கு அதைக் கேட்கும் காது இல்லை.

2017 பிப்ரவரியில் மெமோ கொடுத்தேன். "தாங்கள் வேண்டுமென்றே காலதாமதம் செய்வதால் வாடிக்கையாளர் சேவை பாதிக்கப்படுகிறது. ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்." வேண்டுமென்றே என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன். மறுநாளே பதில் வந்தது. அரைத்தாளில் இரண்டே வரி: "எண்ணி முடித்ததை எண்ணவில்லை என்று மனம் சொல்கிறது. மன்னிக்கவும்."

ஒரு மனிதர் தன் நோயின் பெயர் தெரியாமலேயே அதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார். திமிர் என்று நினைத்து, இரண்டையும் இணைத்து வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

அவர் மனைவி அவரைக் குணசீலத்துக்கு அழைத்துப் போனார். திருச்சிக்குப் பக்கத்தில் காவிரிக்கரையில் இருக்கும் பெருமாள் கோவில். மனம் கலங்கியவர்களை எங்கள் பக்கத்தில் காலங்காலமாக அங்கேதான் கொண்டுபோவார்கள். அங்கே யாரோ திருச்சியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஓ.சி.டி. என்றார் மருத்துவர். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய். மாத்திரையோடு ஒரு பயிற்சியும் கொடுத்தார்: எதையும் ஒரே முறை எண்ண வேண்டும், மூட வேண்டும், கையை எடுத்துவிட வேண்டும். தப்பாக இருக்குமோ என்ற பதைப்பு வரும். அது தானாக வடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மறுபடி தொடக் கூடாது.

இதை அவர் என்னிடம் வந்து சொன்னபோது எனக்குத் தோன்றிய ஒரே உதவி, அவரைப் பணம் தொடாத இருக்கைக்கு மாற்றியது. பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். அடுத்த மாதச் சம்பளத்தில் அவருடைய சிறப்பு ஊதியம் நின்றது. வளையலுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. கிளை முழுக்க, அவரிடம் பணத்தைக் கொடுக்கப் பயப்படுகிறார்கள் என்று அர்த்தம் செய்துகொண்டது. அவரே வந்து கேட்டார்: "சார், டாக்டர் என்னை எண்ணாதே என்று சொல்லவில்லை. ஒரு முறை எண்ணச் சொல்கிறார்." இரண்டு மாதத்தில் ஜன்னலுக்குத் திரும்பினார். முதல் மூன்று மாதம் எது குறைந்தாலும் கிளையில் எல்லோரும் பங்கு போட்டுக் கட்டுவது என்று பேசி வைத்துக்கொண்டோம். எங்கும் எழுதவில்லை, எழுதினால் விதிமீறல். மூன்று மாதத்தில் குறைந்தது மொத்தம் அறுபது ரூபாய். அதை அந்த அக்கா கட்டுகிறேன் என்று அடம்பிடித்தார்.

நாங்கள் நோட்டு எண்ணிக்கொண்டிருந்த அதே 2016 டிசம்பரில், பாராளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. மனநோயும் அதன் பட்டியலில் உண்டு. பணிக்காலத்தில் ஒருவருக்கு அப்படிப்பட்ட பாதிப்பு வந்தால், அரசு நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. வேறு வேலைக்கு மாற்றினாலும் அதே ஊதியமும் சலுகையும் வேண்டும். சட்டம் 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 2021 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஓ.சி.டி.யும் மனச்சோர்வு நோயும் இருந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் மீது எடுத்த ஒழுங்கு நடவடிக்கை பற்றிய வழக்கு. மனநல பாதிப்பு உள்ளவர் மற்றவர்களைவிட எளிதாக ஒழுங்கு நடவடிக்கையில் சிக்கிக்கொள்கிறார், எனவே அந்த நடவடிக்கையே மறைமுகப் பாகுபாடு என்றது நீதிமன்றம். நடத்தைக்கு நோய் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும் என்றும் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, வேண்டுமென்றே என்ற என் சொல் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அவரைப் பார்க்கப் போகவில்லை. மார்ச் கணக்கு முடிப்பு வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு எப்போதும் ஏதாவது வந்துகொண்டிருக்கும்.

அந்த ஏதாவதின் பெயர் டார்கெட். வங்கியின் வேலை வைப்பு வாங்குவதும் கடன் கொடுப்பதும் என்று நினைத்துச் சேர்ந்த தலைமுறை நான். கடைசிப் பத்து வருடத்தில் நாங்கள் காப்பீட்டுப் பாலிசி விற்பவர்களாகிவிட்டோம். தினமும் காலை பதினொன்று, மதியம் இரண்டு, மாலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் பட்டியல் வரும். ஒன்றும் விற்காத கிளைகள் சிவப்பில். மாலை ஏழு மணிக்குக் காணொளிக் கூட்டம். கிளையில் எட்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பேர் இருப்பது எங்கள் பிரச்சினை. பாலிசி போகாதது எங்கள் குற்றம்.

இதன் நடுவில் ஊழியர் நலன் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். ஒரு புதன்கிழமை மாலை நாலு மணிக்கு, "மன அழுத்தத்தை வெல்வது எப்படி" என்று இணையவழி உரை. கட்டாயம். இனிமையான குரல் உள்ள ஒருவர், "கண்களை மூடிக்கொள்ளுங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்" என்றார். இழுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அதிர்ந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். சிவப்புப் பட்டியலில் எங்கள் கிளை மூன்றாவது. அவர் எப்போது மூச்சை விடச் சொன்னார் என்று தெரியவில்லை. உரை முடிந்ததும் ஒரு செய்தி: பங்கேற்ற ஊழியர்களின் எண்ணிக்கையை, புகைப்படத்துடன், ஆறு மணிக்குள் அனுப்பவும். அனுப்பாத கிளைகளின் பட்டியல் ஆறே காலுக்கு வந்தது. அதுவும் சிவப்பில்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பகுப்பில் பணிச்சோர்வை வரையறுத்தபோது, அதை நோய் என்று எழுதவில்லை. பணியிடத்தின் தீராத அழுத்தத்தைச் சரிவரக் கையாளாததால் வரும், பணிசார்ந்த ஒரு நிகழ்வு என்று எழுதியது. எனக்கு அந்த வரையறை பிடிக்கும். ஊற்று வேலையில் இருக்கிறது என்று சொல்கிறது. ஊற்றை விட்டுவிட்டு என் மூச்சைச் சரி செய்யப் பார்த்தார்கள். லண்டன் அரசு அலுவலகங்களில் 1985இல் தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வில் 10,308 ஊழியர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். மைக்கேல் மார்மட் தலைமையிலான அந்தக் குழு கண்டது நாம் நினைப்பதற்கு நேர்மாறு. இதய நோய் அதிகம் வந்தது பெரிய அதிகாரிகளுக்கு அல்ல. தன் வேலையை எப்படிச் செய்வது என்பதில் எந்தப் பிடியும் இல்லாத கீழ்நிலை ஊழியர்களுக்கு. கிளை மேலாளர் என்பது பெயரில்தான் மேல். எங்கள் நாளில் எங்கள் முடிவுக்கு விட்டிருந்தது தேநீர் நேரம் மட்டும்.

தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். கேரளத்தில் பெண்கள் போராடி அதை 2018இலேயே வாங்கிவிட்டார்கள். ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்ணிடம் மனநலம் பற்றி உரையாற்றுவதைவிட ஒரு ஸ்டூல் போடுவது நல்லது என்று யாரோ புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஸ்டூல் போட்டும் உட்கார விடாத கடைகளை நானே பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.

மருத்துவமோ ஆலோசனையோ வீண் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் காசாளரை நிமிர்த்தியது மாத்திரையும் அந்த மருத்துவரும்தான். ஆனால் அவர் அந்த மாத்திரைச் செலவை ஒரு முறைகூட வங்கியிடம் கேட்டு வாங்கவில்லை. எங்கள் மருத்துவக் காப்பீட்டில், வீட்டில் இருந்தபடி எடுக்கும் சிகிச்சைக்கான நோய்ப் பட்டியலில் மனநல பாதிப்பும் உண்டு. உரிமை இருந்தது. ஆனால் ரசீது கிளை வழியாகத்தான் போக வேண்டும். மருந்துச் சீட்டின் தலைப்பில் மருத்துவரின் துறை அச்சாகியிருக்கும். கிளையில் ஒருவர் பார்த்தால் வட்டாரம் முழுக்கத் தெரியும். சர்க்கரை நோய் ரசீதுகளை நாங்கள் மேஜை மேலேயே பரப்பி வைத்துக் கோத்துக்கொண்டிருப்போம். அவர் தன்னுடையதைக் கழுத்து வலி என்று சொல்லிக் கைக்காசில் வாங்கினார். ஐந்தரை வருடம். இந்த ஒரு விஷயத்தில் நிறுவனங்கள் ஏதாவது செய்ய விரும்பினால், அந்த ரசீது போகும் வழியை மாற்றட்டும். மூடிய உறையில், கிளையைத் தொடாமல், நேராகக் காப்பீட்டாளருக்கு. யோகா தினப் படங்களை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

யாருக்கும் தெரியாமல் பேச வேண்டும் என்றால், 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது. 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. எங்கள் காசாளர் தவித்த வருடத்தில் அது இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவர் வேறு கிளைக்கு மாறிப் போயிருந்தார். திண்ணையில் உட்கார்ந்து பேத்திக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பழைய பழக்கம். காப்பி வந்தது. கட்டாய விடுப்பைப் பற்றிச் சொன்னேன். இடுப்புத் தழும்பைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். "எனக்கும் ஒரு சாவி இருந்தது சார். என்னையும் இப்படிப் பத்து நாள் பிடித்து வெளியே தள்ளியிருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும்" என்றார். வீட்டில் சில்லறையைக்கூட எண்ணிக்கொண்டிருந்ததை மனைவி விடுப்பு நாளில்தான் கவனித்திருப்பார் என்றார். எங்கள் வங்கி அவரைப் போன்றவர்களை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்த மெமோ இன்னும் என் கோப்பில் இருக்கிறதா சார்?" என்று கேட்டார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. கோபம் இல்லை அந்தக் குரலில். ஊர் விட்டுப் போகும் முன் கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

இருந்தது. எனக்குத் தெரியும்.

விடுப்பு முடிந்து நான் திரும்பிய அன்று, அந்த இளம் அதிகாரி எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்தார். பத்து நாளில் மெலிந்த மாதிரி இருந்தார். அவர் வட்டார அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தில் கேள்விகள் பக்கம் பக்கமாக இருந்தன. நகை எடை சரியா, கணக்குகளில் சந்தேகத்துக்குரிய பரிமாற்றம் உண்டா, மேலாளர் விடுப்பில் இருந்தபோது தொடர்புகொள்ள முயன்றாரா. "சார், எட்டு பேர் வேலையை ஐந்து பேர் பார்க்கிறார்கள். இரண்டு நாள் எட்டரை மணிக்குத்தான் பூட்டினேன். அதை எழுத இதில் இடமே இல்லை" என்றார். கடைசியில் பிற குறிப்புகள் என்ற இரண்டு அங்குல இடத்தில் பொடி எழுத்தில் எழுதினார். அதற்கு ஏதாவது நடந்ததா என்று கேட்காதீர்கள். நான் ஓய்வுபெறும்போதும் ஐந்து பேர்தான்.

சாவியை வாங்கி இடுப்பில் கட்டவில்லை. சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். பதினொன்று மணிப் பட்டியல் வருவதற்குள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வட்டார அலுவலகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 2017 பிப்ரவரியில் நான் கொடுத்த மெமோவின் போது அந்த ஊழியர் நோயுற்றிருந்தார். அவருடைய பதிலிலேயே அது தெளிவாக இருந்தது. படிக்கத் தெரியாதது என் பிழை. வேண்டுமென்றே என்ற சொல்லை நான் திரும்பப் பெறுகிறேன். இந்தக் கடிதத்தை அவருடைய கோப்பில் அந்த மெமோவுக்கு மேலே வைக்கவும். நோயின் பெயரை எழுதவில்லை. அதை எழுத அவரிடம் அனுமதி கேட்டேன், வேண்டாம் என்றார்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. என் கடிதத்தின் நகலில், ஓரத்தில் முத்திரை குத்தி, பச்சை மையில் ஒரே சொல்: "கவனிக்கப்பட்டது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை நகலெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு முறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேத்தியைக் கூப்பிட்டு எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.